மின்தூக்கி பற்றிய நூற்றுப் பதினான்கு கருத்துகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஏழு மாடிக் குடியிருப்பின் ஒரே மின்தூக்கி ஏழு மாதமாக ஓடவில்லை. அது குறித்து ஒரு புகார்கூட வரவில்லை என்று நிர்வாகத்தின் அறிக்கை பெருமையோடு தெரிவித்தது. அது பொய்யில்லை. வந்தவை நூற்றுப் பதினான்கு கருத்துகள். அத்தனையும் பெண்கள் சொன்னவை.

ஆறாம் மாடி மாரியாயியம்மாள் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர். நிர்வாகி பழனியப்பனிடம் அவர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

"தம்பி, அந்த லிப்டைக் கொஞ்சம் பாத்தீங்கன்னா நல்லாருக்கும்."

"தினமும் பாக்குறேன் ஆன்டி. அப்படியேதான் நிக்குது."

பிறகு பழனியப்பன் பதிவேட்டில் எழுதினார்: 'மின்தூக்கியைப் பார்ப்பது நல்லது என்று குடியிருப்பாளர் கருதுகிறார்.'

ஆண்கள் அலுவலகப் பக்கமே போவதில்லை. கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு நிர்வாகத்தைக் கிழிப்பதோடு சரி. நானும் அங்கே பலமாகவே முழங்குவேன். என் மனைவி இருந்தவரை எங்கள் வீட்டுக் குறைகளை அவள் போய்ச் சொல்வாள். அதன்பின் எங்கள் வீட்டுக்குக் குறையே இல்லை.

குறைகள் ஏன் கருத்துகளாகின்றன என்று ஆராய, மொழியியலாளர் முனைவர் தனேஷ் வரவழைக்கப்பட்டார். மென்மையான மனிதர். இரண்டு மாதம் எங்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்து, பெண்கள் மன்னிப்புக் கேட்பதுபோலவும் ஆண்கள் ஆணையிடுவதுபோலவும் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். பணிவுச் சொற்களுக்கு ஓர் அட்டவணையும் போட்டார். பழனியப்பன் அதைப் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் ஒட்டினார். பணிவுச் சொல் இரண்டைத் தாண்டினால் கருத்து.

அடுத்த ஞாயிறு முனைவரே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

"வயித்துலருந்து கத்துங்க ஆன்டி!"

"கத்திப் பழக்கம் இல்லப்பா. ஆறு மாடி ஏறவே மூச்சு பத்தல" என்றார் மாரியாயியம்மாள்.

"மூச்சு இல்லன்னா புகாரும் இல்ல ஆன்டி. ஆய்வுல தெளிவா வந்திருக்கு."

பயிற்சி பெற்ற மற்ற பெண்கள் போய்க் கத்தினார்கள். அந்தக் கத்தல்கள் 'நடத்தைப் பிரச்சினை' என்ற புதுக் கோப்புக்குப் போயின.

ஆய்வறிக்கை வெளியீடு ஏழாம் மாடி மண்டபத்தில். முனைவரைப் படியேற வைப்பது மரியாதை அல்ல என்பதால், மின்தூக்கிக்கு ஒருநாள் உயிர் கொடுத்தார்கள். அவரை ஏற்றிக்கொண்டு போன அது, மூன்றாம் மாடிக்கு மேலே அரையடி போய் நின்றுவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்த மாரியாயியம்மாள் அங்கேதான் படியில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். அவருடைய பையோடு நான் பக்கத்தில் நின்றேன்.

பழனியப்பன் பதிவேட்டோடு ஓடி வந்தார். கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மன்னிக்கணும் சார். வேலையா இருப்பீங்க. முடிஞ்சா, கொஞ்சம் யாரையாவது கூப்பிட முடியுமா?"

பழனியப்பன் விரல் விட்டு எண்ணினார். "மன்னிக்கணும், முடிஞ்சா, கொஞ்சம். மூணு. இது கருத்து சார். நூத்திப் பதினஞ்சுன்னு பதிஞ்சுக்கிட்டேன்."

"நான் ஆம்பள சார்!"

"ஆணா பெண்ணான்னு அட்டவணை கேக்கலயே சார். ரொம்ப நியாயமா போட்டிருக்கீங்க லா."

மாரியாயியம்மாள் கதவைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, வயித்துலருந்து கத்துங்க."

"கத்திப் பழக்கம் இல்ல ஆன்டி."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு ஆன்டி."

"எனக்கு அதுவும் இல்லயேப்பா" என்றவர், என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்களாச்சும் சத்தமா சொல்லுங்க. மாமாக் கடையில நீங்க பேசுறது ஆறாம் மாடி வரைக்கும் கேக்குது."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். தொண்டையைச் செருமினேன். பழனியப்பன் பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சார்," என்று முழங்கினேன், "உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா, முடிஞ்சா, கொஞ்சம்..."

"நூத்திப் பதினாறு" என்று எழுதிக்கொண்டார் அவர்.

மாரியாயியம்மாள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு நான்காம் மாடிக்குப் படியேறத் தொடங்கினார்.