என் எச்சிலுக்கு மரியாதை தந்தவர்

காங்கேயத்து எண்ணெய் மில்லில் சண்டை போட்டுவிட்டு, இரண்டு நாள் பட்டினியோடு தாராபுரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பஞ்சுக்குச்சிக்காரரைச் சந்தித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. உலகத்தில் என் எச்சிலுக்கு மரியாதை தந்த ஒரே மனிதர் அவர்.

தண்ணீர் கேட்டு ஒரு பழைய பண்ணை வீட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே ஒருவர், சுவருக்குக் காய்ச்சல் வந்ததுபோல அதன்மேல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர். பழைய ஓவியங்களைச் சோதித்துச் சுத்தம் செய்வது தொழில். எந்நேரமும் மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டிருப்பார். அதனால் அந்தப் பெயர்.

என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

“ஏனுங்க தம்பி, வெத்தல போடுவீங்களா?”

“இல்லீங்க.”

“பீடி?”

“காசிருந்தாத்தானுங்க.”

“வாயத் தொறங்க.”

சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கல்யாணத்துக்காக மறுநாள் அந்த அறைக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். புகைக்கரிக்கு அடியில் ஓவியம் இருப்பதைச் சாயந்திரத்துக்குள் காட்டினால்தான் சுவர் தப்பிக்கும். அந்தக் கரிக்கு மனித எச்சில்தான் மருந்து என்று சோதித்துக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதி. வாய் வறண்டு கிடந்தது.

என் வாயும் அப்படித்தான். உடனே ஒரு கிளிமூக்கு மாங்காயை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி என் கண்ணெதிரே வைத்தார். பார்க்கலாம், தொடக்கூடாது. உப்பு எச்சிலைக் கெடுத்துவிடுமாம். குழாயைத் திறந்ததுபோல ஊறியது. அதைப் பஞ்சில் தொட்டு அவர் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

பண்ணைக்காரர் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

“கல்யாண ஊட்டுல எச்சியத் தொட்டுத் தொடைக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?”

வெள்ளையடிப்பவரை இப்போதே கூப்பிட அவர் திரும்பினார். அந்த நேரம் பஞ்சுக்கு அடியில் ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு திமில். அவர் நின்றுவிட்டார். கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தார்.

“இது எங்க பாட்டன் வச்சிருந்த காளைங்க.”

சாமி படமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. காங்கேயம் காளைமேல் சுண்ணாம்பு பூசும் ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. பண்ணைக்காரர் வெள்ளையடிப்பை நிறுத்திவிட்டு, தானும் கொஞ்சம் எச்சில் தரட்டுமா என்று பணிவாகக் கேட்டார்.

“நீங்க வெத்தல போடுவீங்க. ஆகாதுங்க.”

பஞ்சுக்குச்சிக்காரர் நிம்மதியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் மட்டும் சாயவில்லை. மாங்காய்த் தட்டை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலை, இட்லி தின்பது. காலி வயிற்றில் எச்சில் ஊறாது, எல்லாம் ஆராய்ச்சிக்காகத்தான் என்றார். ஒன்பதாவது இட்லியை வைக்கும்போதும் அதையேதான் சொன்னார்.