மூக்குத்திக் கல்லுக்கு முப்பது நாள்

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடலாம், பெண் பார்க்கலாம், தப்பில்லை. வைரம் வாங்கும் பொறுப்பை மட்டும் அவனிடம் கொடுத்துவிடக் கூடாது. எங்கள் அம்மா கொடுத்தார். (பாவம், ஒரே மகன் என்ற பாசம்.)

தொண்ணூறுகளின் கடைசி அது. பிரிக்பீல்ட்ஸில் வீடு, கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை, கிள்ளானில் நிச்சயம் செய்த பெண் என்று நான் ஏக மிதப்பில் இருந்த காலம். பெண்ணின் பெயர் வசந்தி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு அடுத்த வாரமே கல்யாணம் என்றாலும் சம்மதம்தான். ஆனால் நடுவில் ஒரு மூக்குத்தி நின்றது.

எங்கள் வீட்டு வழக்கப்படி, மருமகளாக வரப்போகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக் கல் வைர மூக்குத்தி போட வேண்டும். வைரம் என்றால் கடைக்குப் போனோம், வாங்கினோம் என்று முடிகிற காரியம் இல்லை. கல்லை வாங்கும் முன்னால் மூன்று நாள் பெண் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கிள்ளானில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பழக்கமான நகைக்கடைக்காரர் செல்லையா அண்ணன். அவர் கல்லைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். அது சாமி அறையில் இருக்கும். அந்த மூன்று நாளில் வீட்டில் கெட்டது எதுவும் நடக்காவிட்டால் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். ஏதாவது நடந்தால் கல் திரும்பக் கடைக்குப் போய்விடும்.

வசந்தியின் அம்மாவுக்கு, அதாவது என் வருங்கால அத்தைக்கு, இதில் அசைக்க முடியாத நம்பிக்கை. கல் ஒத்துக்கொண்ட பிறகுதான் மண்டபத்துக்குச் சொல்வது என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதையே ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டு, கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். மாமா அவர் சொன்னதற்குத் தலையாட்டினார். (மாமா அப்போது மட்டுமல்ல, எப்போதுமே தலையாட்டுவார்.)

சாதாரண மனிதன் என்ன செய்வான்? செல்லையா அண்ணன் கடைக்குப் போய் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வருவான். எனக்கு அந்தக் கடையே கேவலமாகத் தெரிந்தது. போனால் உட்கார வைத்துக் குடிக்க மைலோ கொடுப்பார், குடும்பத்தில் ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லி நலம் விசாரிப்பார், அரைமணி நேரம் கழித்துத்தான் கல்லே வெளியே வரும். நான்தான் இண்டர்நெட் தெரிந்தவனாயிற்றே! அமெரிக்காவில் இருக்கும் ஒரு கடை வைரங்களை இணையத்தில் விற்பதைக் கண்டுபிடித்திருந்தேன். எடை, நிறம், வெட்டு எல்லாவற்றுக்கும் சர்டிபிகேட் உண்டு.

ஒரு சனிக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கல்லைக் காட்டினேன். அந்தக் காலத்து மோடம் கீச்கீச்சென்று கத்தி முடித்த பிறகு, படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். பாதி வைரம் வந்திருந்தபோது, அடுத்த வீட்டு ஆன்டிக்குச் சேதி சொல்ல அம்மாவுக்கு ஆசை வந்தது. போனை எடுத்துவிட்டார். லைன் அறுந்தது. அரைக் கல்லுக்கு முழுக் காசா கேட்கிறான் என்று அம்மா சந்தேகப்பட்டார்.

"கல்லைக் கண்ணால பார்க்காம எப்படிடா வாங்குவ?"

"சர்டிபிகேட் இருக்கும்மா."

"வசந்தியப் பார்க்கப் போனப்ப சர்டிபிகேட்டா பார்த்த?"

ஆனாலும் வாங்கினேன். வாங்கியதோடு வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? செல்லையா அண்ணன் கடை வாசலில் வேலை மெனக்கெட்டு வண்டியை நிறுத்தி, உள்ளே போய்ச் செய்தி சொன்னேன். பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அமெரிக்காக்காரன் முப்பது நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறான் என்றேன். அண்ணன் தன் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ரொம்ப நேரம் சிரித்தார். வயிற்றெரிச்சல், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

கல் வந்தது. திரையில் தேங்காய் அளவுக்கு இருந்தது, கையில் அரைத் துவரம்பருப்பு அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் நல்ல கல். அதைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். கொடுத்த கையோடு முப்பது நாள் விஷயத்தையும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அத்தை கல்லைப் பட்டுத் துணியில் முடிந்து, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. குறை என்ன குறை, மாமாவுக்கு நாலு நம்பர் லாட்டரியில் ஆறுதல் பரிசே அடித்தது! அத்தை முகமெல்லாம் சிரிப்பு.

"கல்லு ஒத்துக்கிச்சு தம்பி. நாளைக்கே மண்டபத்துக்குச் சொல்லிடலாம் லா."

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது, சரி அத்தை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது. நான் சொன்னது இது:

"அவசரப்படாதீங்க அத்தை. இன்னும் இருபத்தேழு நாள் இருக்கு. நல்லா பாருங்க."

வசந்தி சமையல்கட்டு வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். காதல் என்று நினைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அது காதல் இல்லை என்று மறுநாளே தெரிந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டு ஐஸ்பெட்டி (ஃபிரிட்ஜ்தான்) நின்றுபோனது. உள்ளே ஒரு விருந்துக்கு ஆகிற ஆட்டிறைச்சி. அதற்கடுத்து மாமாவின் கார் பேட்டரி செத்தது. அப்புறம் எங்கேயோ பெரிய குழாய் உடைந்து கிள்ளானில் தண்ணீர் நின்றது. வசந்தி என் ஆபீசுக்கு போன் செய்து, தன் அம்மா சாமி அறையில் உட்கார்ந்து கல்லையே முறைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். நான் பதறிப்போய் அத்தையிடம் பேசினேன்.

"அத்தை, கிள்ளான் முழுக்கத்தான் தண்ணி இல்ல. நம்ம கல்லு என்ன பண்ணும்?"

"அவ்வளவு பவரா அந்தக் கல்லுக்கு?" என்றார் அத்தை.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மூன்று நாளில் ஒரு வீட்டில் என்ன பெரிதாக நடந்துவிடும்? மூன்று நாள் என்று வைத்ததே, கல்யாணங்கள் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். முப்பது நாள் உற்றுப் பார்த்தால் எந்தக் கல்லும் தேறாது. நானே என் கல்யாணத்துக்குக் குழி வெட்டிவிட்டு, இன்னும் ஆழமாக வெட்டுங்கள் என்று மண்வெட்டியை அத்தை கையில் கொடுத்திருந்தேன்.

பயந்துபோனேன். உண்மையாகவே பயம். அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனால் அது அதற்கடுத்த வருஷமும் ஆகலாம். அதற்குள் டாக்டர் மாப்பிள்ளை யாராவது கிள்ளானுக்கு வந்து தொலைக்கலாம். அதனால் ஒரு முடிவு எடுத்தேன். மிச்சமிருக்கும் நாட்களில் அந்த வீட்டில் கெட்டது எதுவும் நடக்க விடக் கூடாது. நடந்தாலும் அத்தை பார்ப்பதற்குள் சரி செய்துவிட வேண்டும்.

முடிந்த நாளெல்லாம் வேலை விட்டதும் ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து கிள்ளான் போய்ச் சேர்வேன். கையில் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் எல்லாம் கொண்ட ஒரு பை. (கம்ப்யூட்டரையே பிரித்து மாட்டுகிறவனுக்கு ஐஸ்பெட்டி எம்மாத்திரம்!) ஐஸ்பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தேன். டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது டிவி வரவில்லை. அத்தை தொடர்நாடகம் பார்க்கிற நேரம் அது.

பரவாயில்லை என்று சமையல்கட்டுக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தப் போனேன். மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கழற்றியதும் தண்ணீர் கூரையைத் தொட்டது. மாமாவும் நானும் பிளாஸ்டிக் பேஷினை வைத்துக்கொண்டு முட்டிவரை நனைந்து நிற்க, வசந்தி வெளியே ஓடிப்போய் வால்வை மூடினாள். வந்தவள் எனக்கு ஒரு துண்டைக் கொடுத்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

கடைசியில் கறிவேப்பிலை மரம். மாமாவின் காருக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன், சத்தியமாக. ஓடுகிறதா என்று பார்க்கப் பின்னால் எடுத்தேன். அந்த வரிசையில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ரசத்துக்கும் குழம்புக்கும் இலை கொடுத்துக்கொண்டிருந்த மரம் அது. அத்தை கையால் வைத்து வளர்த்தது. மரம் காரின் மேல் சாய்ந்து கிடந்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் நல்ல வாசனை.

முப்பது நாள் முடிவதற்குச் சற்று முன்னால் அத்தை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மாவும் நானும் போனோம். கூடத்தில் மாமா, பக்கத்தில் வசந்தி, நடுவில் முக்காலி மேல் அந்தப் பட்டு முடிச்சு. அத்தை நிதானமாக ஆரம்பித்தார். தான் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்ததாகவும், முதலில் தானும் கல்லைத்தான் சந்தேகப்பட்டதாகவும் சொன்னார். ஆனால் தம்பி பையோடு வர ஆரம்பித்த பிறகு, அவர் வராத நாட்களில் வீட்டில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை என்பதைக் கவனித்தாராம்.

"கல்லுல ஒரு குத்தமும் இல்ல சம்பந்தி. தம்பியைத்தான் இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பார்க்கணும் போல இருக்கு."

நான் நம்பிக்கையோடு அம்மாவைப் பார்த்தேன். பெற்றவள் அல்லவா, பிள்ளைக்காகப் பேசாமல் இருப்பாளா? அம்மா பேசினார்.

"என்னத்தப் பார்க்கப் போறீங்க? எங்க வீட்டுல சின்னப் புள்ளையிலேர்ந்து இப்படித்தான்."

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். மாமா வழக்கம்போலத் தலையாட்டினார். அப்போது வசந்தி எழுந்து வந்து அந்தப் பட்டு முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். எடுத்துக்கொண்டு போய்விடு என்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"கல்லுக்குத்தான் ரிட்டர்ன் இருக்கும்மா, இவருக்கு இல்ல. கல்ல அனுப்பிடுங்க. இவர நான் வச்சுக்கறேன்."

நல்ல கல்லை எதற்கடி அனுப்ப வேண்டும் என்று அத்தை கேட்டார். அந்தக் கல் வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் என்னோடு பத்து வார்த்தை பேசவில்லை, ஸ்க்ரூ டிரைவரோடுதான் குடும்பம் நடத்துகிறார் என்றாள் வசந்தி. யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அத்தை சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கறிவேப்பிலை மரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை.

கல் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. செல்லையா அண்ணன் கடையில் மைலோ குடித்து, எல்லார் நலமும் சொல்லி, ஒரு கல் எடுத்தோம். (அவர் முப்பது நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் கேட்காமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.) அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்லைச் சாமி அறையில் வைத்திருக்கும் மூன்று நாளும் மாப்பிள்ளை கிள்ளான் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. அவர் என்னை மாப்பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். கல் பிரமாதமாக ஒத்துக்கொண்டது. அந்த மூக்குத்தி வசந்தி மூக்கில்தான் இருக்கிறது.

அந்த நிபந்தனை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் புது சாமான் எது வந்தாலும், அத்தை கிள்ளானிலிருந்து போன் செய்து, மூன்று நாளைக்கு மாப்பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லிவிடுவார். அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சொல் மட்டும் மாறவில்லை. வசந்தியும் அம்மா பேச்சைத் தட்டாத மகள். வாஷிங் மெஷின் வந்தபோது போனேன். ஏர்கான் வந்தபோது போனேன். போவதற்கு எனக்கு இருக்கும் ஒரே இடம் செலாயாங்கில் என் அக்கா வீடு.

போன மாதமும் துணிப்பையோடு போய் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்த அக்கா, வா என்றோ, எப்படி இருக்கிறாய் என்றோ கேட்கவில்லை.

"இந்தத் தடவை என்னடா வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே, மேசை மேல் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.