முப்பத்தெட்டாம் பக்கத்து பிரேக்

அறிக்கை எழுதுகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறவர்கள் ஓர் இனம். சொல்ல வந்ததைப் பத்திரமாக ஒளித்து வைக்கிறவர்கள் இன்னோர் இனம். நாம் பார்க்கப்போவது இரண்டாவது. இவரை நீங்கள் முதலில் சந்தித்தது பரீட்சை ஹாலில்தான். முதல் கேள்வியையே நீங்கள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாலாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயருமே, "சார், அடிஷனல் ஷீட்!" என்று? அந்தக் கைதான்.

அந்தக் கை இப்போது ஒரு மூன்று மாடிக் கிடங்கின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறது. அங்கே அவருக்குப் 'பின்னிணைப்பு' என்று பெயர். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கல்லூரியில் அவர் எழுதிய புராஜெக்ட் ரிப்போர்ட்டை, எழுத்து வாசனையே அறியாத அப்பா கையில் வாங்கி, இரண்டு தடவை தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்டா!" என்றார். அன்று பிடித்ததுதான். அதற்குப் பிறகு கனமில்லாத எதையும் அவர் எழுதியதில்லை.

ஒரு நாள் சரக்கு லிஃப்டைச் சோதிக்கச் சொன்னார்கள். பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்: பிரேக் வழுக்குகிறது. கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. பிறகு உட்கார்ந்து எழுதினார். அட்டை, நன்றியுரை, பொருளடக்கம், படங்களின் பட்டியல் (படம் ஒன்றே ஒன்று), முன்னுரை, முன்னுரைக்கு ஒரு பின்னணி, கட்டடம் எழும்பிய வரலாறு, போதாததற்கு 'லிஃப்ட் என்பது யாது' என்று ஒரு வரையறை, அதுவும் தினமும் அதில் நாற்பது தடவை ஏறி இறங்குகிறவர்களுக்கு! "பார்த்தேன்" என்று எழுத மாட்டார், "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது". யார் மேற்கொண்டது? ஆண்டவனுக்கே வெளிச்சம். மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம். முப்பத்தெட்டாம் பக்கம், பின்னிணைப்பு இ, அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில்: 'பிரேக்கின் பிடிமானம் போதுமானதாக இல்லை எனக் கருத இடமுண்டு.'

மேனேஜர் வாங்கினார். அப்பாவைப் போலவே தூக்கிப் பார்த்தார். "பிரமாதம்" என்று சொல்லி, அட்டையில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தார். லிஃப்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை, பேக்கிங் பிரிவைக் கட்டி மேய்க்கும் அக்கா, இரண்டு பெண்களையும் ஒரு வண்டி நிறையப் பெட்டிகளையும் லிஃப்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னிணைப்பு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, படிக்கட்டில் கால் வைத்தார்.

"தம்பி, மூணு நாளா பாக்குறேன். மூணாவது மாடிக்கு மூச்சு வாங்க நடந்தே போறியே, ஏன்?"

"சும்மாதான்க்கா. உடம்புக்கு நல்லது."

"உன் உடம்பு எனக்குத் தெரியாதா? ஒரு மாடிக்கே லிஃப்டுக்காகக் கால் மணி நேரம் நின்ன ஆளாச்சே நீ! லிஃப்ட்ல என்ன?"

"அறிக்கையில விரிவா சொல்லியிருக்கேன்க்கா. முப்பத்தெட்டாம் பக்கம்..."

"அதை நீயே வெச்சுக்க. ஏறலாமா, கூடாதா?"

"ஏறாம இருப்பது உசிதம்னு கருத..."

"அடப்பாவி!" அக்கா திரும்பினார். "ஏய், இறங்குங்கடி ரெண்டு பேரும்!"

பெண்கள் குதித்து இறங்கினார்கள். அக்கா ஒரு அட்டைப் பெட்டியின் மூடியைப் பிய்த்தார். விலாசம் எழுதும் தடித்த பேனாவால் நாலே வார்த்தை எழுதி, டேப்பை இழுத்து, லிஃப்ட் கதவில் ஒட்டினார்: 'பிரேக் பிடிக்கல. யாரும் ஏறாதீங்க.'

மேனேஜர் தடதடவென்று இறங்கி வந்தார். "யாரைக் கேட்டு ஒட்டினீங்க?" என்று ஆரம்பித்தவர், அட்டையைப் படித்தார். மூன்று விநாடி. அவர் ஒரு அறிக்கையை முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரத்தில் மெக்கானிக் வந்து, பிரேக்கைக் கழற்றித் தேய்ந்துபோன கட்டையைக் காட்டினார். "இதை நம்பியா சார் ஆளை ஏத்தினீங்க? இன்னிக்கே விட்டிருக்கும்."

இரண்டு பெண்களில் ஒருத்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னிணைப்பு லிஃப்ட் கதவருகே போனார். அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஏன்க்கா, தேதி போடலையே?"

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். நேற்று மேலதிகாரிக்கு ஒரு நாள் லீவு கேட்டு எழுதினீர்களே, அதில் 'லீவு' என்ற சொல் எத்தனையாவது வரியில் வருகிறது? எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். உங்கள் பரீட்சை ஹாலிலும் நாலாவது பெஞ்ச் இருந்திருக்குமே, அதில் உட்கார்ந்திருந்தது யார்?

லிஃப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது. அக்கா அதே பேக்கிங் பிரிவில்தான் இருக்கிறார். பின்னிணைப்பு, பிரேக் மாற்றப்பட்டது குறித்த அறிக்கையில் அறுபத்தோராம் பக்கத்தில் இருக்கிறார். அக்காவின் அட்டையைப் பின்னிணைப்பு உ-வாகச் சேர்த்திருக்கிறார்.