மானாம்பதி மான்செஸ்டர் பேரவையின் மகத்தான மாலை

உலகக் கால்பந்தின் வரலாற்றை எழுதப் புகும் அறிஞர் யாராக இருந்தாலும் இங்கிலாந்தில் தொடங்கிக்கொள்ளலாம். ஆனால் மானாம்பதியில்தான் முடித்தாக வேண்டும். மான்செஸ்டர், மானாம்பதி. இரண்டு பெயர்களும் 'மான்' என்று தொடங்குவதைத் தற்செயல் என நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவன் அடியேன். பெயர் தினகரன். பிழைப்புக்கு உத்திரமேரூர் சாலையில் ஒரு செல்போன் கடை. பொதுவாழ்வில் 'மானாம்பதி வட்டார மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் பேரவை'யின் நிறுவனர், தலைவர் மற்றும் பொருளாளர். செயலாளர் பதவி காலியாக இருக்கிறது. தகுதியான ஆள் இன்னும் பிறக்கவில்லை.

எதிர்க்கட்சி இல்லாவிட்டால் ஜனநாயகம் தழைக்காது. குடவோலை போட்டுத் தேர்தல் நடத்தியதைக் கல்லிலேயே வெட்டி வைத்த வட்டாரம் எங்களுடையது. ஆகவே என் மனைவி சுலோச்சனாவின் அண்ணன் தாமோதரன், உரக்கடை வைத்திருப்பவர், 'லிவர்பூல் பாசறை'யைத் தொடங்கினார். என் 'மான்' ஆராய்ச்சிக்கு அவர் கொடுத்த மறுப்பும் வரலாற்றில் இடம்பெறத் தக்கதே.

"லிவருன்னா ஈரல் மாப்ள. மான் இல்லாம மனுசன் வாழலாம். ஈரல் இல்லாம வாழ முடியுமா?"

எங்கள் கொள்கைப் போராட்டங்கள் ராணியம்மாள் டீக்கடையில் நடைபெறும். இதில் ஒரு சிறு நிர்வாகச் சிக்கல் உண்டு. இரண்டு கிளப்புகளுக்குமே சட்டை சிவப்பு.

"ரெண்டு பேரும் ஒரே கட்சி. அப்புறம் இன்னாத்துக்கு கத்திக்கினு கீறீங்க?" என்று ராணியம்மாள் கேட்பார். பாமர மக்களின் அறியாமையை நாங்கள் மன்னித்துவிடுவோம்.

"ரெண்டாயிரத்தி அஞ்சு, இஸ்தான்புல்!" என்று மச்சான் தொடங்குவார். "ஏசி மிலான்கிட்ட பாதி ஆட்டத்துக்குள்ள மூணு கோலு வாங்கினோம். மூணையும் திருப்பிக் குடுத்தோம். பெனால்ட்டில கப்ப தூக்கினோம். அது ஆட்டம்!"

"தொண்ணூத்தி ஒம்போது, பார்சிலோனா!" என்பேன் நான். "ஆட்டம் முடிஞ்சி போச்சின்னு எல்லாரும் எழுந்துட்டாங்க. இஞ்சுரி டைம்ல ரெண்டு கோல் போட்டோம் மச்சான். பேயர்ன் மியூனிக் இன்னும் அழுதுகினு கீது."

"தொண்ணூத்தி ஒம்போதுல நீ எங்கப்பா கோல் போட்ட?" ராணியம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே குறுக்கிடுவார். "எங்க வூட்டு கன்னுக்குட்டி பின்னால ஓடிக்கினு இருந்த. அதையே உன்னால புடிக்க முடியல."

நிற்க. இந்த ஆண்டு மான்செஸ்டரும் லிவர்பூலும் மோதும் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை, நம் நேரப்படி ஊர் விழித்திருக்கும் பொழுதில் வந்தது. இது போன்ற வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். இரு அமைப்புகளும் அவசரக் கூட்டுக் கூட்டம் கூட்டின. பள்ளி மைதானத்தில் மாபெரும் எல்.இ.டி. திரை அமைத்து ஊருக்கே ஆட்டத்தைக் காட்டுவது என்று முடிவாயிற்று. உத்திரமேரூரில் மைக் செட், திரை, சீரியல் விளக்கு எல்லாம் வாடகைக்கு விடும் டேனியல் வந்து இடத்தைப் பார்வையிட்டார்.

"திரைய கட்ட ஸ்ட்ராங்கா ஏதாவது வோணும்ணே. காத்தடிச்சா பேஜாராப் பூடும்."

மைதானத்தின் இரண்டு முனைகளிலும் இரும்பில் இரண்டு கோல்போஸ்ட்டுகள் நின்றிருந்தன. கால்பந்துத் திரையைக் கட்டுவதற்குக் கோல்போஸ்ட்டைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? அதன் பிறவிப் பயனை நாங்கள் நிறைவேற்றி வைத்தோம். வெள்ளிக்கிழமையே திரை ஏறிவிட்டது.

அன்று மாலை பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை தேவயானி மூச்சிரைக்க வந்தார்.

"சார், நாளைக்கு எங்க பொண்ணுங்களுக்கு மாவட்ட ஃபைனல் சார். பழையசீவரம் டீம் வருது. இந்த கிரவுண்டுலதான் மேட்ச். திரைய அவுத்துட்டு, மேட்ச் முடிஞ்சதும் கட்டிக்கோங்க சார்."

கால்பந்தை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் என்பதை இந்த இடத்தில் வாசகர் கவனிக்க வேண்டும். உடனே விரட்டிவிடவில்லை, ஆலோசனை செய்தோம்.

"ஒரு போஸ்ட்டுதான் மேடம் எடுத்துக்கினோம்," என்றார் மச்சான். "எதிர்ல இன்னொண்ணு கீதே. ரெண்டு டீமும் அதுலயே அடிக்கட்டும்."

"அப்ப எந்த கோலு யாருதுன்னு எப்டி சார் தெரியும்?"

"அடிச்ச பொண்ணுக்குத் தெரியாதா?" என்று நான் கேட்டேன்.

தேவயானி டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நவீனச் சிந்தனைகளை ஏற்கச் சிலருக்குக் காலம் பிடிக்கும். எனவே 'மகளிர் ஆட்டத்தை வேறு பொருத்தமான இடத்துக்கு மாற்றிக்கொள்ள அன்புடன் அனுமதி அளிக்கப்படுகிறது' என்று தீர்மானம் நிறைவேற்றினோம். பேரவையும் பாசறையும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான். மச்சானும் நானும் கட்டித் தழுவிக்கொண்டோம். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். டீச்சருக்கும் கண் கலங்கியிருந்தது.

இரவு சாப்பாட்டின்போது என் மகள் ஸ்வேதா கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு எனக்கு ஃபைனல். வருவீங்களா?"

"எனக்கும் நாளைக்குத்தாம்மா பெரிய ஆட்டம்," என்றேன். தந்தைக்கும் மகளுக்கும் இப்படி ஒரே ரசனை அமைவது அபூர்வம்.

சுலோச்சனா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "மூணு மாசமா மொட்ட வெயில்ல ஓடிக்கினு கீறா. அவ டீம்ல கீறதே உங்களுக்குத் தெரியுமா?"

"டீம்லயா? நம்ம ஸ்வேதாவா?" எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. "எந்த எடத்துல ஆடற?"

"லெஃப்ட் விங்."

"மான்செஸ்டர்ல அந்த எடம்தான் இப்ப வீக்கா கீது," என்றேன் கவலையுடன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை விடிந்தது. மகளிர் ஆட்டத்துக்குக் கிடைத்த 'பொருத்தமான இடம்' காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு மேய்ச்சல் தரை. அங்கே கோல்போஸ்ட் கிடையாது. ஏரிக்கரைக் குடியிருப்பில் இருக்கும் மாசிலாமணி, அணியின் கோல்கீப்பர் கண்ணகியின் அப்பா, கூலி வேலையை விட்டுவிட்டுச் சவுக்குக் கம்புகளை வெட்டி, குழி பறித்து, நான்கு கம்பம் நட்டாராம். அதனால் ஆட்டம் மிகத் தாமதமாகத் தொடங்கியதாம். சுலோச்சனாவும் இன்னும் சில அம்மாக்களும் ஒரு டிராக்டரில் ஏறிப் போனார்கள். இவையெல்லாம் நான் பின்னர் கேள்விப்பட்ட சில்லறைத் தகவல்கள்.

இங்கே மைதானம் நிரம்பி வழிந்தது. சுண்டல், பலூன், பஞ்சு மிட்டாய். இடப் பக்கம் பேரவை, வலப் பக்கம் பாசறை. நடுவில், எந்தச் சிவப்பு யாருடையது என்று தெரியாத பொதுமக்கள். என் செல்போனிலிருந்து படம் நேராகத் திரைக்குப் போகும்படி டேனியல் இணைப்புக் கொடுத்திருந்தார். ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

வைத்தவர் வைத்தவர்தான். படம் அப்படியே நின்றுவிட்டது. திரையின் நடுவே ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

ரசிகர் என்பவர் யார் என்று அப்போதுதான் நான் கண்ணால் கண்டேன். கூட்டம் கலையவில்லை. அந்த வட்டத்தையே பந்தாகப் பாவித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வட்டம் வேகமாகச் சுற்றும்போது பாசறை ஆரவாரம் செய்தது. மெதுவாகச் சுற்றும்போது பேரவை கைதட்டியது.

"எங்க ஆளுங்க அட்டாக் பண்றாங்க பார்," என்றார் மச்சான்.

இப்படி ஏறக்குறைய முதல் பாதி முழுதும் வட்டம் விறுவிறுப்பாக ஆடியது. அப்போது என் செல்போனுக்கு சுலோச்சனாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. துண்டிக்கப் போன விரல் பச்சையில் பட்டுவிட்டது. மாபெரும் திரையில் என் மனைவியின் மூக்கு தோன்றியது. பிறகு செல்போன் திரும்பியது. வேலிக்காத்தான் புதர், ஒரு டிராக்டர், சவுக்குக் கம்பங்கள், அவற்றுக்கு நடுவே வெறுங்காலோடு ஒரு பெண்.

"இது எந்த லீக்கு?" என்று பாசறையில் ஒருவர் கேட்டார்.

"டேய், அது நம்ம மாசிலாமணி பொண்ணுடா!" என்று பொதுமக்கள் பகுதியிலிருந்து குரல் வந்தது.

ஒலிபெருக்கியில் சுலோச்சனாவின் குரல் ஊரெல்லாம் கேட்டது. "ஏங்க, ஒண்ணுக்கு ஒண்ணு. பெனால்ட்டிக்குப் பூட்ச்சி! பாத்துக்கினே இருங்க!"

பழையசீவரத்துப் பெண் ஓடி வந்து உதைத்தாள். கண்ணகி இடப்பக்கம் விழுந்தாள். புழுதி கிளம்பியது. புழுதி அடங்கியபோது பந்து அவள் மார்போடு இருந்தது. மைதானம் அதிர்ந்தது. பேரவை, பாசறை என்ற வேறுபாடே இல்லாமல் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவர் என்ற முறையில் இந்தக் கட்டுப்பாட்டுக் குலைவு எனக்கு வேதனை அளித்தது.

"கடைசி ஷாட்டுங்க," என்றாள் சுலோச்சனா. "இது உள்ள போச்சின்னா கப்பு நமக்குத்தான். நம்ம பொண்ணு அடிக்கப் போறாங்க."

திரையில் ஸ்வேதா பந்தைத் தரையில் வைத்தாள். மண்ணைக் காலால் தட்டிச் சமன் செய்தாள். பின்னால் நடந்தாள். அவ்வளவு பெரிய உருவமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உத்திரமேரூர் சாலையில் போன பஸ்கூட நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் என் செல்போனின் மேல் ஓரத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. மான்செஸ்டர் ஆட்டம் மீண்டும் தயார்.

சோதனை என்பது இப்படித்தான் வரும். சாதாரண மனிதன் என்றால் பாசத்துக்கு அடிமையாகியிருப்பான். பேரவை விதிகளில் பாசத்துக்கு இடமில்லை. நான் மகளைத் துண்டித்தேன்.

திரையில் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் மறுபடி வட்டம்.

அடுத்து நடந்ததை எழுத என் விரல் கூசுகிறது. பலூன்காரர் உட்பட மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்து ஒரே சொல்லைச் சொன்னது. அதை அச்சில் ஏற்ற இயலாது. மறு நிமிடம் மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. காவாந்தண்டலம் சாலை முழுக்கச் சிவப்புச் சட்டை. என் பேரவையின் துணைத்தலைவரே ஒரு பாசறைக்காரரின் வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டு போனார். மச்சானும் வண்டியை உதைத்தார்.

"மச்சான், நீயுமா? லிவர்பூலு?"

"லிவர்பூலுக்கு ஆள் கீறாங்க மாப்ள. நான் அவளுக்குத் தாய்மாமன்." வண்டி பறந்தது.

டேனியல் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "அண்ணே, திரைய கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? நானும் போயிட்டு வந்துடறேன்."

நான் மட்டும் இருந்தேன். உலகில் எந்தக் கிளப்புக்கும் இப்படி ஒரு ரசிகன் வாய்த்திருக்க மாட்டான். காலி மைதானத்தில், சிதறிக் கிடந்த சுண்டல் காகிதங்களுக்கு நடுவே, சுற்றும் வட்டத்தைக் கடைசிவரை பார்த்தேன்.

இருட்டியதும் பட்டாசு வெடித்தது. டிராக்டரில் கோப்பையுடன் பெண்கள் வந்தார்கள். கோப்பையைக் கண்ணகி தலைமேல் வைத்திருந்தாள். ஸ்வேதா மாமனின் தோளிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு.

"நெட்டு போயிடுச்சிம்மா," என்றேன்.

"வந்ததாலதான் கட் பண்ணீங்கன்னு மாமா சொன்னாரு," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். மழை வருமா என்று கேட்பது போலச் சொல்லிவிட்டு முழங்காலைக் கழுவப் போனாள்.

தவறு எங்கே நடந்தாலும் அதை விழாவாக மாற்றும் ஆற்றல் எங்கள் ஊருக்கு உண்டு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பேரவையும் பாசறையும் இணைந்து 'வீராங்கனைகளுக்கு மாபெரும் பாராட்டு விழா' நடத்தின. தலைமை: அடியேன். நான் மைக்கைப் பிடித்து, பெண்கள் கால்பந்தை வளர்ப்பதில் பேரவை ஆற்றிவரும் தொண்டுகளை எடுத்துரைத்தேன். நேரம் போனது தெரியவில்லை. வீராங்கனைகள் வெயிலில் நின்றார்கள்.

அடுத்து ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது. முறைப்படி ஒவ்வொருவரிடமும் பெயர், ஆடும் இடம், தந்தை பெயர் ஆகியவற்றை மைக்கில் கேட்டுச் சபைக்கு அறிவித்தேன். விழா என்றால் ஓர் ஒழுங்கு வேண்டும். கண்ணகி தன் பெயரையும் மாசிலாமணியின் பெயரையும் உரக்கச் சொன்னாள். மாசிலாமணி கூட்டத்தின் ஓரத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வரிசை நகர்ந்தது. அடுத்து வந்த பெண்ணை நோக்கி, அதே நடுநிலையோடு மைக்கை நீட்டினேன்.

"பேர் சொல்லும்மா."

"ஸ்வேதா."

"எங்க ஆடற?"

"லெஃப்ட் விங்."

"அப்பா பேரு?"

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தினகரன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார். எங்க ஆட்டத்துக்கெல்லாம் அவர் வர்றதில்ல."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் என்ற முறையில் நானும் தட்டினேன்.