படகில் ஏறிய அரசாங்கம்

வெண்குடை நாட்டை ஒரு பெரிய ஆறு இரண்டாகப் பிரித்தது. இந்தக் கரையில் வீடுகள். அந்தக் கரையில் சந்தையும் வைத்தியரும். ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவர்களில் பொன்னுருவியும் ஒருத்தி. அவளுடைய படகில் எட்டுப் பேர் உட்காரலாம். கூலியை ஏறுகிறவர்களோடு பேசி முடித்துக்கொள்வாள். அதிகமென்று தோன்றினால் அடுத்த படகுக்குப் போய்விடுவார்கள். இதில் அரசருக்கு ஒரு வேலையும் இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

"குடிகள் ஆற்றைக் கடக்கப் பேரம் பேசுவதா? நம் ஆட்சிக்கே இழுக்கு!" என்றார் அமைச்சர் வாகீசர்.

கூலி பாதியாக்கப்பட்டது. ஊரே மேளம் கொட்டியது. கட்டுப்படியாகாத படகோட்டிகள் படகைக் கரையேற்றிவிட்டு விறகு வெட்டப் போனார்கள். துறையில் கூட்டம் நெரிந்தது. இதற்குக் காரணம் படகோட்டிகளின் பேராசையே என்று கண்டறிந்த அமைச்சர், எல்லாப் படகுகளையும் அரசுடைமை ஆக்கினார். படகுக்கு ஒரு கண்காணிப்பாளர் வந்தார். அவரைக் கண்காணிக்க ஒரு மேலாளர். பிறகு துடுப்பு ஆய்வாளர், அவருக்குக் குடை பிடிக்க ஒருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். மழைக்காலத்துக்குள் பொன்னுருவியின் படகில் அவளைத் தவிர எல்லோரும் அதிகாரிகள். பயணிகள் ஏற வழியில்லை. ஆனால் படகு மட்டும் நேரம் தவறாமல் போய்வந்தது.

ஒரு காலையில், பக்கத்து வீட்டுத் தச்சன் செம்பியன் பாம்பு கடித்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, வாயில நுரை தள்ளுது! வைத்தியர்கிட்ட போகணும்!"

பொன்னுருவி கண்காணிப்பாளரைக் கும்பிட்டாள். "ஐயா, ரெண்டு பேர் இறங்குங்க. பிள்ளை செத்துப்போயிடும்."

"இரக்கத்தில் நாங்கள் குறைந்தவர்கள் அல்லர்" என்றார் அவர். "எந்த இருவர் இறங்குவது என்று அரண்மனையிலிருந்து ஆணை வரட்டும்."

பொன்னுருவி துடுப்பைத் தூக்கிக்கொண்டு கரையில் குதித்தாள். கரையோர வாழைகளைச் செம்பியன் வெட்டிச் சாய்க்க, அவள் கயிற்றால் சேர்த்துக் கட்டினாள். அந்தத் தெப்பத்தில் பிள்ளை அக்கரை சேர்ந்தது, பிழைத்தது.

அதன்பின் ஊரே அவள் தெப்பத்தில்தான் போனது. பார்த்துவிட்டு இன்னும் சிலர் தெப்பம் கட்டினார்கள். சந்தை மறுபடி கூடியது.

சேதி கேட்டு வாகீசர் காவலர்களோடு வந்து இறங்கினார். பொன்னுருவி சிறைக்குப் போகவும் துணிந்து நின்றாள். ஊர் திரண்டு வருவதைக் கண்டதும் தெம்பு வந்தது. நமக்காகப் பேசத்தானே வருகிறார்கள்!

"தெப்பம் கவிழ்ந்தால் யார் பொறுப்பு?" என்று கத்தியது கூட்டம். "தெப்பத்துக்கும் அதிகாரி போடுங்கள்!"

அமைச்சர் மனம் குளிர்ந்து, அங்கேயே ஒருவரை நியமித்தார்.

புது அதிகாரி தலைப்பாகையைச் சரிசெய்தபடி வந்து தெப்பத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். செம்பியன்!

அவன் ஆற்றைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. மாசம் பொறந்தா சம்பளம்."