சிவப்பு நூல் போட்ட திரை

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால், மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்போதே உதிரட்டும்.

எங்கள் தெருவில் ஒரு கவிஞர் இருந்தார். பகலில் மின்கட்டண அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கே துணி தைத்தாள். மிஷின் ஓடினால் தன் கற்பனை ஓடாது என்பது கவிஞரின் கட்சி.

எழுத்தாளர்களுக்கு ஒரு மாதம் அறையும் சாப்பாடும் கொடுத்து, 'எழுது ராஜா' என்று விட்டுவிடுகிற இல்லங்கள் இருக்கின்றன, ரெசிடென்சி என்று பேர், என்று எங்கேயோ படித்தார். அவ்வளவுதான். தேடித் தேடி விண்ணப்பம் போட்டார். பத்துக் கவிதை, வாழ்க்கைக் குறிப்பு, 'இங்கே வந்து என்ன எழுதுவீர்கள்' என்பதற்கு ஒன்றரைப் பக்கம். மனைவி சிரிப்பாளே என்று எல்லாம் பரம ரகசியம். ஒன்பது இடத்திலிருந்து 'வருந்துகிறோம்' வந்தது. ஒன்பதையும் பழைய பேன்ட் பாக்கெட்டில் ஒளித்தார். தையல்காரி வீட்டில், பேன்ட் பாக்கெட்டில்!

ஒன்பதாவது வந்த அன்று குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சபதம் போட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை. இல்லேன்னா இந்த ஜென்மத்துல பேனாவைத் தொடமாட்டேன்." குளியலறைக் கதவு அப்பளம் மாதிரி மெல்லிசு என்பதை மறந்துவிட்டார்.

மறுவாரம், மனைவி தைத்த சட்டையைச் சுற்றியிருந்த காகிதத்தில் ஓர் அறிவிப்பு: 'மேட்டு இல்லம். கவிஞர் ஒருவருக்கு ஒரு மாதம் இடம்.' கவிஞர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். எட்டே நாளில் 'மகிழ்கிறோம்' வந்தது.

"ஏம்மா, ஆபீஸ்ல ஒரு மாசம் ட்ரெயினிங் போட்டுட்டான்."

"எதுக்குங்க?"

"புது மீட்டர் வருது."

"அதுக்கு ஒரு மாசமா?"

"ரொம்பப் புது மீட்டர்."

"ஐயோ பாவம். பெட்டியில ரெண்டு நோட்டு வச்சிருக்கேன். மீட்டரைப் பத்தி நிறைய எழுதுங்க."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மேட்டின் மேல் ஓட்டு வீடு. நடத்துபவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கதவிலேயே விதிகள் ஒட்டியிருந்தன: காலையில் இருபது குடம் தண்ணீர் இறைக்க வேண்டும். காய் நறுக்க வேண்டும். தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். நாலு பக்கம் எழுதாமல் டீ கிடையாது. 'உடலுழைப்பு கவிதைக்கு உரம்' என்று அடியில் கொட்டை எழுத்து.

வீட்டில் குடித்த டம்ளரை நகர்த்தாத மனுஷன், அங்கே பாடிக்கொண்டே தண்ணீர் இறைத்தார். நாற்பது கவிதை எழுதினார். நாற்பதும் முத்து. மகுடம், அறையின் ஜன்னல் திரையைப் பற்றியது. வெள்ளைத் திரை, ஓரத்தில் மட்டும் நாலு சிவப்புத் தையல். அதையே மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்து எழுதினார்.

வீடு திரும்பியவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ட்ரெயினிங் இடைவேளையில ஒண்ணு எழுதினேன், கேக்குறியா?"

மிஷின் நின்றது.

"வெண்மையின் விளிம்பில்
நாலு சொட்டு விடியல்.
யாரோ எனக்காக
விரல் குத்திக்கொண்ட தடம்."

அவள் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை. "இவ்ளோ நல்லா எழுதற கையா எழுதமாட்டேன்னு சபதம் போட்டுச்சு?" என்றாள்.

கவிஞருக்குப் புகழ்ச்சி மட்டும்தான் காதில் விழுந்தது. "அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சுதா? தனிமையோட காயம்!"

"வெள்ளை நூல் தீர்ந்துபோச்சுங்க. நீங்க வர்றதுக்குள்ள திரை மாட்டணும்னு டீச்சரம்மா ஒரே அவசரம். அவங்க ரவிக்கை எல்லாம் நான்தானே தைக்கிறேன்?"

கவிஞர் நோட்டை மூடினார்.

"அந்த விதியெல்லாம்?"

"அதுவும் என் கையெழுத்துதாங்க. மூணு நாள் திரையைப் பாத்தீங்களாம், கதவைப் பாக்கலையே!"

கவிஞர் எழுந்துபோய்க் குடத்தை எடுத்தார்.

யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அவள் காதுக்குப் போனால், தினமும் நான் இறைக்கிற இருபதோடு, இந்த வயதில் இன்னும் இருபது குடம் சேரும்.