மூன்று தடவை கேட்கணும்

மில்டூராவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் என் மதிப்புக்குரிய மூத்த சகோதரி நுன்சியாத்தா அவர்களுக்கு, தாமஸ்டவுனிலிருந்து தங்கை அசுந்தா மரியாதையுடன் எழுதியது.

இங்கே நான் சௌக்கியம். இடது முட்டியைத் தவிர என் உடம்பில் குறை சொல்ல எதுவும் இல்லை, அந்த முட்டியும் மழைக்கு முந்தின நாள் மட்டும்தான் பேசும். எனக்கு ஒன்றும் தேவையில்லை. உன் இரத்த அழுத்தமும் உன் கொடிகளும் உன் வீட்டு நாயும் ஒழுங்காயிருக்க நம் ஊர்ப் புனிதர் சான் ரோக்கோ அருள்புரிவாராக. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ மூச்சு விடும் இடைவெளியில்தான் நான் பேச முடிகிறது, இந்தச் சமாசாரம் அந்த இடைவெளிக்குள் அடங்காது. தவிர, ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்காகப் பாராட்டு வாங்கியவள் நான், நீயல்ல.

விஷயம் நம் பேத்தி பியாங்காவைப் பற்றியது. முடி வெட்டும் வேலையை விட்டுவிட்டுத் தொழிற்கல்லூரியில் சமூக சேவைப் பணிக்கு டிப்ளமோ படிக்கிறாள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு நீ, "கன்னியாஸ்திரீங்க சும்மா செய்யற வேலைக்கு எதுக்குடி டிப்ளமோ?" என்று கேட்டாய் அல்லவா, அதை நான் மறக்கவில்லை, மன்னித்திருக்கிறேன், அது வேறு. அக்கா, அது லேசான படிப்பு இல்லை. வீடில்லாதவர், குடிக்கிறவர், அடிபட்டு ஓடி வந்தவள், கேட்பாரற்ற கிழவர் எல்லோரிடமும் எப்படிப் பேசுவது என்று புத்தகம் புத்தகமாகப் படிக்கிறார்கள். உதவி கேட்டு வருகிறவரை 'வாடிக்கையாளர்' என்று சொல்கிறார்கள், ஏதோ அவர்கள் வெங்காயம் வாங்க வந்தது மாதிரி. அந்தப் படிப்பில் பாஸ், ஃபெயில் என்பதே கிடையாது. ஒன்று 'தகுதி பெற்றார்', இல்லாவிட்டால் 'இன்னும் தகுதி பெறவில்லை'. நாம் கடல் கடந்து இங்கே வருமுன் நம் ஊர் வாத்தியார் உன்னை நாலாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார வைத்தபோது இந்த 'இன்னும்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அப்பாவிடம் உனக்கு அடி விழுந்திருக்காது.

பியாங்கா எல்லாப் பாடத்திலும் தகுதி பெற்றுவிட்டாள், ஒன்றே ஒன்றைத் தவிர. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் இருபது நிமிஷம் பேசுவது போல நடித்து, அதைப் படம் பிடித்து, வெட்டாமல் ஒட்டாமல் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளராகக் குடும்பத்தில் யாரும் நடிக்கலாம். முதல் தடவை தன் சிநேகிதியை வைத்து எடுத்தாள், 'இன்னும் இல்லை' என்று வந்தது, ஏனென்றால் இருபது நிமிஷத்தில் பதினெட்டு இவளே பேசியிருந்தாள் (அது உன் ரத்தம்). இரண்டாம் தடவை தன் அப்பாவை, அதாவது என் மகனை வைத்து எடுத்தாள், அவன் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இவளே அவனுக்கு மூன்று தீர்வு கண்டுபிடித்துவிட்டாள், மறுபடியும் 'இன்னும் இல்லை'. ஆசிரியை கெய்லீன், "வாடிக்கையாளரோட முடிவை மதிக்கக் கத்துக்கோம்மா" என்று எழுதியிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். எங்கள் பேட்டை சமூக மையத்தில் ஒரு வேலை இவளுக்கென்று காத்திருந்தது, டிப்ளமோ கையில் வராவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். நான் ஏற்கனவே ரொட்டிக்கடையிலும் பூசைக்குப் பிறகும் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆகவே, அக்கா, இது பியாங்காவின் மானம் மட்டும் இல்லை.

வியாழக்கிழமை என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். 'மேரி, எண்பது வயது, கணவரை இழந்தவர், தனியாக வசிப்பவர், சரியாகச் சாப்பிடுவதில்லை, உதவியை மறுப்பவர்.' இந்த மேரி என்னைவிட மூன்றே வயதுதான் பெரியவள். நான் அன்று காலையே போய் முடியை அலைஅலையாகச் சுருட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர் செவரியோ இருந்தபோது வாங்கிய காதணியைப் போட்டுக்கொண்டு, மேஜைக்குப் பின்னல் விரிப்பு விரித்து, பாதாம் பிஸ்கட்டை மலையாகக் குவித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பாட்டியின் கோலத்தைப் பார்த்து அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நோன்னா, நீ கவனிப்பார் இல்லாத கிழவி."

"யாரைப் பாத்துடி சொல்றே?"

"உன்னை இல்ல, மேரியை. இந்தப் பிஸ்கட்டை எடு. கழுவற தொட்டியில நாலு அழுக்குப் பாத்திரம் போடு."

"உங்க தாத்தா கட்டின வீட்டுல அழுக்குப் பாத்திரத்தை அந்த கெய்லீன் பாக்கணுமா? நான் செத்ததுக்கப்புறம் போட்டுக்கோ."

கடைசியில் ஒரே ஒரு கரண்டி, அதுவும் கழுவினது, தொட்டியில் போடச் சம்மதித்தேன். காதணியைக் கழற்றவில்லை. மேரி ஏழையென்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

முதல் முறை எடுத்தது நன்றாகத்தான் போனது. பதினாலாம் நிமிஷம் நான், "எனக்குன்னு இந்த உலகத்துல ஒருத்தருமில்ல" என்று உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டு ஸ்டான் ஒரு பை நிறைய சுரைக்காயோடு உள்ளே வந்துவிட்டான். அவனுக்குக் கேமராவும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. "ஒருத்தருமில்லையா? அப்போ நேத்து உன் புல்லை வெட்டினது யாரு, பிசாசா?" என்று கேட்டுவிட்டு, சுரைக்காயையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனைச் சமாதானப்படுத்த அரை மணி நேரமும் பிஸ்கட்டில் பாதியும் செலவாயிற்று.

இரண்டாம் முறைதான் வெடித்தது. பியாங்கா நல்ல பவ்யமாக, "மேரி, தினமும் மதியச் சாப்பாடு கொண்டு வந்து தர ஆள் ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று கேட்டாள். நான், "வேண்டாம்" என்றேன். வேறென்ன சொல்வேன்? யாராவது கேட்டவுடனே சரி என்று நீட்டுகிற கையா நம்முடையது? உடனே இவள், "சரி, உங்க முடிவை மதிக்கிறேன்" என்று தாளில் 'உதவி மறுக்கப்பட்டது' என எழுதி, மூடி, எழுந்துவிட்டாள்! எனக்கு வந்ததே கோபம்.

"எங்கேடி எழுந்திருக்கறே?"

"நோன்னா, கேமரா ஓடுது."

"ஓடட்டும். ஒரு வேண்டாம் சொன்னேன், ஓடிட்டியே. அவ்வளவுதானா உன் அக்கறை?"

"நீதான வேண்டாம்னே!"

"முதல் வேண்டாம் மரியாதை. ரெண்டாவது வேண்டாம், நீ நெஜமாத்தான் கேக்கறியான்னு பாக்கறது. மூணாவது தடவை கேட்டாத்தான் பதில். உங்கம்மா இதைக்கூடச் சொல்லிக் கொடுக்கலியா?"

"எங்க படிப்புல மூணு தடவை கேட்டா அதுக்குப் பேரு வற்புறுத்தல்."

"எங்க ஊர்ல ஒரு தடவை கேட்டா அதுக்குப் பேரு கஞ்சத்தனம்!"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கெய்லீன் மதி என்கிறாள், நோன்னா மதிக்காதே என்கிறாள், நான் யார் பேச்சைக் கேட்பது, இந்தத் தடவையும் போனால் எனக்கு வேலையே இல்லை என்றாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள்தான், உனக்குத் தெரியும், ஆனால் அழுகிற பிள்ளைக்கு எதிரில் நிற்கமாட்டேன். போனைப் பிடுங்கி கெய்லீனையே கூப்பிட்டேன். முகவுரையெல்லாம் வைக்கவில்லை. "ஐந்தாம் வகுப்பு படித்தவள் பேசுகிறேன், வேண்டாம் என்பவரிடம் மறுபடி கேட்கலாமா கூடாதா?" என்றேன். அந்தப் பெண் சொன்னாள், "கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அவங்களைத் தள்ளாதீங்க, அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போடாதீங்க. எப்படிங்கறதை பியாங்காதான் கண்டுபிடிக்கணும், நான் சொல்லித் தரக்கூடாது." நல்ல பெண். ஒரு ஜாடி தக்காளிச் சாறு அனுப்பலாம் என்றேன், பரிசு வாங்கக் கூடாதாம், அதற்கும் ஒரு பாடம் இருக்கிறதாம். நான் இன்னும் இரண்டு தடவை கேட்பேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூன்றாவது முறை உட்கார்ந்தோம். ஸ்டானை வாசலில் காவல் வைத்தேன். பியாங்கா மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். அவள் எழுதவில்லை. எழவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். நம் குடும்பத்தில் ஒருத்தி இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். அதெல்லாம் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், எதுவும் வேண்டாம் என்றேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சும்மா இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "கடைசியா யாரோட உக்காந்து சாப்பிட்டீங்க, மேரி?"

அக்கா, நான் எவ்வளவு பெரிய நடிகை என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த என் வாயிலிருந்து நம் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது, அதனால் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். மேரி அப்படித்தான் செய்வாள், இல்லையா? செவரியோ என்று வேறு சொல்லிவிட்டேன், மேரியின் புருஷனுக்கும் ஒரு பெயர் வேண்டுமே. பியாங்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு தீர்வும் கண்டுபிடிக்கவில்லை. நான் முடித்ததும், "எதிர்ல ஆளில்லாம உக்காந்து சாப்பிட முடியல. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்று மட்டும், கெய்லீனுக்குப் புரிய, ஆங்கிலத்தில் கேட்டாள். நான் சரி என்றேன். "வீட்டுக்குச் சாப்பாடு வர்றது வேண்டாம். செவ்வாய்க்கிழமை மையத்துல எல்லாரும் சேர்ந்து சாப்பிடறாங்க. வந்து பாக்கறீங்களா, இல்ல யோசிக்கறீங்களா?" என்றாள். நான், "ஒரு நாள் வந்து பாக்கறேன், உப்பு சரியா இல்லேன்னா திரும்பிடுவேன்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

கேமராவை அணைத்ததும் என்னையே பார்த்தாள். "நோன்னா, அது நடிப்புதானே?"

"பின்னே? நாலரை மணி ஆச்சு, அனுப்புடி."

திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது, நான் ஜெபமாலையை எடுத்தேன், ஸ்டான் தன் வீட்டு இணையத்தின் ரகசியச் சொல்லை ஜன்னல் வழியாகக் கத்தினான். ஐந்து அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை பதில் வந்தது: 'தகுதி பெற்றார்.' இன்னும் என்ற வார்த்தை எங்கும் இல்லை, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேடினேன். வாடிக்கையாளராக நடித்தவர் மிக இயல்பு என்று கெய்லீன் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள், அதை ரொட்டிக்கடையில் படித்துக் காட்டினேன். அடுத்த திங்கள் முதல் நம் பேத்தி வேலைக்குப் போகிறாள், கழுத்தில் பெயர் அட்டை தொங்குகிறது. கன்னியாஸ்திரீகளுக்கு அது கிடையாது.

ஆகவே, யாராவது உன்னிடம் அசுந்தா நின்றுகொண்டு சாப்பிடுகிறாள் என்று சொன்னால் நம்பாதே. அது மேரி. நான் மூன்று வேளையும் தட்டு வைத்து, துணி விரித்து, ராணி மாதிரி சாப்பிடுகிறேன். உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், மருமகளுக்கும் கொடு, அவளுக்குக் கொஞ்சம் குறைவாக. உன் கொடியில் பூச்சி விழாமலும் உன் வாயில் வார்த்தை குறையாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை
அசுந்தா

பி.கு.: ஈஸ்டருக்கு எழுதியபோது "என்னோட வந்து இருந்துடேன்" என்று கேட்டாய், நான் வேண்டாம் என்றேன். போன மாதம் போனிலும் கேட்டாய், வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. இத்தனை வருஷம் மில்டூராவில் இருந்து நீயும் இங்கிலீஷ்காரியாகிவிட்டாயா என்ன? உன் வீட்டுப் பின்னறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நான் எதையும் கேட்கவில்லை, அக்கா. அடுத்துக் கேட்கிற முறை உன்னுடையது என்று ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.